புலியைக் காப்பாற்றினால் மர நத்தையும் பிழைக்குமா?

அக்டோபர் 27

குரோம்பேட்டை வாசகர் கேட்டது: "டீச்சர், புலி இருந்தால் காடு இருக்கும், காடு இருந்தால் எல்லாம் இருக்கும். அப்புறம் எதற்கு மர நத்தை, தவளை என்று தனித்தனியாக ஒப்பாரி? அந்தப் பணத்தையும் புலிக்கே போட்டால் என்ன?"

பாதி சரி. மீதிப் பாதியை எழுத ஆரம்பித்தால் நீளும். செலையூரில் மழை, கரண்ட் வந்து வந்து போகிறது. இப்போதைக்குக் கணக்கை மட்டும் போட்டுவிட்டுப் போகிறேன்.

இந்தியாவில் 2006இல் புலிகள் 1,411. 2022 மதிப்பீட்டில் சராசரியாக 3,682. அதில் தமிழ்நாட்டில் 306.

ஹவாயில் அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்ற மர நத்தை, 2018 டிசம்பர் 31 அன்று: 1. மறுநாள்: 0.

அக்டோபர் 28

அந்த ஒன்றின் கதையைக் கேட்டிருக்கிறார்கள்.

ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவில்தான் அக்காட்டினெல்லா பேரினம் முழுவதும். 41 இனங்கள். ஓடு இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், மஞ்சள், பழுப்பு, பச்சை, வெள்ளை என்று பட்டை போட்டு எண்ணெய் தடவின மாதிரி மின்னும். இலையைக் கடிக்காது. இலைமேல் படிகிற பூஞ்சையைச் சுரண்டித் தின்பதோடு சரி, மரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிறந்த மரத்திலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறவையும் உண்டு. 1787 வாக்கில் கேப்டன் ஜார்ஜ் டிக்சன் அந்தத் தீவுக்குப் போனபோது கிடைத்த மாலையில் அபெக்ஸ்ஃபுல்வாவின் ஓடு கோத்திருந்தது. ஹவாயின் நில நத்தைகளில் அறிவியலுக்கு முதலில் தெரியவந்தது அதுதான்.

1997இல் காட்டில் தேடிக் கிடைத்த கடைசிப் பத்தையும் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். குட்டி போட்டன, குட்டிகளும் செத்தன. அங்கேயே பிறந்த ஒன்று மட்டும் 14 வயதுவரை தனியாகக் கிடந்தது. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் பின்டா தீவு ஆமை இனத்தின் கடைசி ஆமைக்கு வைத்த ஜார்ஜ் என்ற பெயரையே இதற்கும் வைத்தார்கள். இந்த நத்தைகள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பவை. இருந்தும் இனம் பெருக இன்னொன்று வேண்டும், அது கிடைக்கவில்லை. 2019 ஜனவரி 1 அன்று இறந்தது.

அக்டோபர் 28, இரவு

அம்பத்தூர் தம்பி எழுதியிருக்கிறார்: "நத்தை ஒரு தடவைக்கு நூறு முட்டை போடுமே டீச்சர்? எங்கள் வீட்டுத் தொட்டியிலேயே பார்த்திருக்கிறேன். புலிதான் மெதுவாகப் பெருகும். அதனால் புலிக்குத்தானே கூடுதல் கவனம்?"

உங்கள் தொட்டியில் இருப்பது ஆப்பிரிக்க ராட்சத நத்தை, தம்பி. அதை வைத்து எல்லா நத்தையையும் கணக்குப் போடக்கூடாது. அது ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை போடும். தொட்டி மண்ணைக் கிளறினால் ஜவ்வரிசி கொட்டினது போலக் கிடக்கும்.

அக்காட்டினெல்லா முட்டையே இடுவதில்லை. குட்டி போடும், அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று. வருடத்துக்குச் சில குட்டிகள்தான். அந்தக் குட்டி வளர்ந்து தான் குட்டி போடும் வயதுக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும் இனங்கள் உண்டு. புலியைப் பாருங்கள். கர்ப்பம் சுமார் 105 நாள், ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு குட்டி, மூன்று நான்கு வயதில் பெண்புலி தாயாகிவிடும். இரையும் இடமும் கொடுத்துத் தொல்லை பண்ணாமல் விட்டால் புலி நன்றாகவே பெருகும். 1,411 என்பது 3,682 ஆனது அப்படித்தான். 2006இல் எண்ணும் முறையே மாறியது, பிறகு தேடிய பரப்பும் கூடியது, அந்தப் பங்கும் அதில் உண்டு. ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான்.

200 கிலோ விலங்கைவிட இரண்டு சென்டிமீட்டர் பூச்சி மாதிரி ஒன்று நிதானமாகப் பெருகுகிறது. கல்லூரியில் எனக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பைலா நத்தையை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி அறுத்து நரம்பு மண்டலம் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த ஃபார்மலின் வாசனை விரலை விட்டுப் போக இரண்டு வேளைச் சாப்பாடு ஆகும்.

அக்டோபர் 30

யாரோ நத்தைக் கறி மூலத்துக்கு நல்லது என்று எழுதியிருக்கிறார். இந்த இழையில் வைத்தியம் வேண்டாம். ஆப்பிரிக்க நத்தையைக் கண்டிப்பாகச் சட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், எலியின் நுரையீரல் புழு அதில் இருக்கும். மனிதருக்கு வந்தால் மூளை உறையைத் தாக்கும். வெறுங்கையால் தொடவும் கூடாது.

நவம்பர் 1

குரோம்பேட்டைக்காரர் விடவில்லை. "ஹவாயில் புலி இல்லை, அதனால் நத்தை செத்தது. இங்கே புலி இருக்கிறது, நத்தை பிழைக்கும்." வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

அங்கே நத்தையைக் கொன்றது யார் என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஓடு சேர்க்கும் மோகம். பாதிரிமார் குடும்பத்துப் பிள்ளைகள் மலையேறிப்போய்ச் சாக்குக் கணக்கில் கொண்டுவந்தார்கள். இங்கே துரைமார்கள் புலித்தோலுக்கு அலைந்த அதே காலம். இரண்டுக்கும் உடம்பின் மேலே இருந்த அழகுதான் எமன். அடுத்தது கப்பலில் வந்த எலி. கடைசியாக வந்தது ஒரு நத்தை.

ஆமாம், நத்தைதான். ஆப்பிரிக்க நத்தை 1936இல் ஹவாய்க்கு வந்து தோட்டங்களை மேய ஆரம்பித்தது. அதை ஒழிக்க 1955இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து யூக்லாண்டினா என்ற கொல்லி நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். மற்ற நத்தைகள் விட்டுப்போன சளித்தடத்தை மோப்பம் பிடித்துப் பின்தொடரும், வாய்க்கு இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீண்ட உதடு அதற்காகவே இருக்கிறது. மரத்திலும் ஏறும். சின்ன நத்தையை ஓட்டோடு விழுங்கும். ஆப்பிரிக்க நத்தை இன்றைக்கும் ஹவாயில் சுகமாக இருக்கிறது, காலியானது ஊர் நத்தை.

இதைப் பார்த்த பிறகும் பிரெஞ்சு பாலினேசியாவில் அதையே செய்தார்கள். 1977இல் மூரியா தீவில் யூக்லாண்டினாவை விட்டார்கள். அங்கே மட்டும் இருந்த பார்ட்டுலா மர நத்தைகள் ஏழு இனம். பத்து வருடத்தில் காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை.

இப்போது சொல்லுங்கள். அந்தக் காட்டில் நூறு புலி உலாவியிருந்தாலும் யூக்லாண்டினா நின்றிருக்குமா? இது மரம் வெட்டியதால் வந்த வினை இல்லை. காடு அப்படியே இருந்தது, நத்தை மட்டும் போனது.

நவம்பர் 1, சிறு சேர்க்கை

"புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது" என்று ஒருவர் போட்டிருக்கிறார். யூக்லாண்டினாவும் தின்னாது. நத்தைகளில் புலி அதுதான். புலிக்கும் நத்தைக்கும் ஒப்பீடு கேட்டவருக்கு இதுவே போதும் என்று இழையை மூடலாம், ஆனால் நீங்கள் விடமாட்டீர்கள்.

நவம்பர் 3

வண்டலூர் போயிருந்தேன். அண்ணன் மகன் குடும்பம் வந்திருந்தது, குழந்தைக்குப் புலி காட்ட வேண்டுமாம். மழைக்குப் பிறகான ஞாயிறு, பேட்டரி வண்டிக்கு வரிசை. புலி அகழிக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் படுத்திருந்தது. காது மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பியது, காதின் பின்பக்க வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அரை மணி நேரம் அதைத்தான் பார்த்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நூறு பேர், ஒருவரும் நகரவில்லை. என்னையும் சேர்த்து.

இதைச் சொல்லக் காரணம், "டீச்சருக்குப் புலியைப் பிடிக்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். புலியைப் பிடிக்காதவர் உண்டா? இந்த ஊர்ப் பூங்கா தொடங்கியதே அப்படித்தான். எழும்பூர் அருங்காட்சியகத் தலைவர் எட்வர்ட் பால்ஃபர் 1854இல் கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளை வாங்கி வைத்தார். பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1855இல் மிருகக்காட்சி சாலை. சென்ட்ரல் பக்கம் இருந்தது 1985இல் வண்டலூருக்குப் போனது. நத்தை ஓட்டைக் காட்டி அந்தக் கூட்டத்தைச் சேர்த்திருக்க முடியாது.

அகழியைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. இங்கே வேலி புலி வெளியே வராமல் இருக்க. ஓவாஹு மலையில் மிச்சமிருக்கும் மர நத்தைகளுக்கும் வேலி போட்டிருக்கிறார்கள், எதிரி உள்ளே வராமல் இருக்க. எலி ஏறாதபடி வழுக்கும் சுவர், யூக்லாண்டினா ஏறாதபடி வளைந்த விளிம்பு, செம்புக் கம்பி வலை, மின்சாரம் பாயும் கம்பி. அதற்குள் சில மரங்கள், மரத்தில் நத்தைகள். ஒரு கிளை முறிந்து வேலிமேல் சாய்ந்தால் போதும், பகை உள்ளே இறங்கிவிடும். அதனால் புயலடித்த மறுநாள் ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 4

குரோம்பேட்டை: "அது தீவு. தீவின் கதையை மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கொண்டுவராதீர்கள்."

நியாயமான கேள்வி, மூன்று நாள் யோசித்தேன். நம் மலையில் அப்படி ஒரு யூக்லாண்டினா படையெடுப்பு நடக்கவில்லை. ஆனால் நத்தைக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவுதான். ஈரக்காட்டு நத்தை ஒன்று, நடுவில் இருக்கும் வறண்ட கணவாயைத் தாண்டி அடுத்த மலைக்குப் போகாது. புலி போகும். ஆண்புலி ஒன்று முதுமலையில் கிளம்பிச் சத்தியமங்கலம் போய்விடும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் புலி அடர்த்தி அதிகம் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம். இலையுதிர் காடு, மான் கூட்டம், காட்டெருது. நில நத்தை வகை வகையாக இருப்பது ஆனைமலை, அகத்தியமலை மழைக்காட்டில். அங்கே மானும் குறைவு, புலியும் குறைவு. ஆக, புலிக் கணக்கு ஏறுகிற இடம் ஒன்று, நத்தை இருக்கிற இடம் வேறொன்று. புலி எண்ணிக்கையை வைத்துக் காட்டுக்கு மார்க் போட்டால் மழைக்காடு கடைசி பெஞ்சுக்குப் போய்விடும்.

வால்பாறைப் பக்கம் சாரலில் இண்ட்ரெல்லா என்ற நத்தையைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேரினத்தில் ஒரே இனம், மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. உடம்பு ரத்தச் சிவப்பு, சிலது மஞ்சள். ஓடு உடம்புக்குப் போதாது, முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ள முடியாமல் முதுகில் மெல்லிய பழுப்பு ஓட்டைச் சும்மா சுமந்துகொண்டு போகும். காப்பிச் செடிக்குப் பக்கத்தில் இருந்தது, கொம்பை நீட்டி ஒரு கண்ணால் இந்த இலை, மறு கண்ணால் அந்த இலை. கூட வந்த டிரைவர், "இதுக்கா வண்டிய நிறுத்தச் சொன்னீங்க?" என்றார். ஐந்து நிமிடம் கழித்து அவரும் போனை எடுத்துப் படம் பிடித்தார். மனைவிக்கு அனுப்பினாராம், "சீ" என்று பதில் வந்ததாம்.

மரத்திலேயே வாழ்கிற பெட்டோமியா நத்தைகளும் நம் மலையில் உண்டு. மதராஸ் மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் பெயரில். அவர் பெயரில் பாம்பு, தவளை, செடி என்று வரிசையே இருக்கிறது. நான் பெட்டோமியாவைப் பார்த்ததில்லை.

நவம்பர் 5

ஆனால் குரோம்பேட்டைக்காரர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகம் ஆனது. அந்தப் பெயர்ப்பலகை இருப்பதால்தான் அங்கே பல திட்டங்கள் உள்ளே நுழையத் தயங்குகின்றன. "நத்தைகள் காப்பகம்" என்று பலகை வைத்தால் காண்டிராக்டர் சிரிப்பார். கோடரியையும் ஜேசிபியையும் தடுக்கப் புலி போதும். எலியையும் அந்நிய நத்தையையும், மழை தவறிக் காய்ந்துபோகிற இலையையும் தடுக்கப் போதாது.

நவம்பர் 8

அம்பத்தூர்: "சிங்கத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் பெரிய பூனைதானே."

நல்ல கேள்வி, நான் சொல்ல நினைத்ததே இதில் வந்துவிடும். பெரிய பூனைகளில் மர நத்தைக்கு ரொம்பக் கிட்டத்தில் நிற்பது ஆசியச் சிங்கம். ஒரே இடம், குஜராத்தின் கிர் வட்டாரம். 2020இல் 674, 2025இல் 891. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, வெளியே தோட்டம் துரவு, கடற்கரைவரை பரவிவிட்டது. ஆனாலும் எல்லாம் ஒரே வட்டாரம். 2018இல் நாய்களிடமிருந்து வரும் டிஸ்டெம்பர் வைரஸ் நுழைந்து சில வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு மாற்றுங்கள் என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. குனோவுக்கு 2022இல் வந்தது நமீபியச் சிவிங்கிப்புலி. சிங்கம் இன்னும் போகவில்லை.

புலி விஷயம் வேறு. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலி அற்றுப்போனது 2005இல் வெட்ட வெளிச்சமானது. 2008இல் ரண்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுவந்து விட்டார்கள். பன்னாவில் 2009இல் ஒன்றுமில்லை, அங்கேயும் வெளியிலிருந்து கொண்டுவந்து இன்று குட்டிகளோடு இருக்கின்றன. ஓர் இடத்தில் போனால் இன்னோரிடத்திலிருந்து கொண்டுவர முடிகிற வரைக்கும் எந்த உயிரும் உண்மையில் அரிது இல்லை என்பேன். அபெக்ஸ்ஃபுல்வாவுக்கு அந்த இன்னோர் இடம் இல்லை. மலைச்சரிவு ஒன்றில் மட்டும் இருக்கும் எந்த நத்தைக்கும் இல்லை. உருவத்தையும் பார்க்க வேண்டாம், தலைகளையும் எண்ண வேண்டாம், எத்தனை இடத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்தக் கணக்கில் 891 சிங்கத்துக்குக் கிடைக்கிற மார்க் ஒன்றுதான்.

நவம்பர் 8, இரவு

"அப்படியானால் பிடித்து வந்து பூங்காவில் வளர்த்தால் இரண்டாவது இடம் ஆயிற்றே" என்று மேடவாக்கம் அம்மா.

ஆகும், ஆனால் உறுதியில்லை. பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளின் கதையை மறுபடி எடுக்கிறேன். லண்டன் மிருகக்காட்சி சாலையில் பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசிக் கூட்டம் இருந்தது. 1996 ஜனவரியில் கடைசி ஒன்றும் போய்விட்டது, ஒட்டுண்ணி நோய். ஓர் இனம் முழுக்க ஒரு நோயால் அற்றுப்போனதற்கு அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஒரே அறையில் வைத்தால் அதுவும் ஒரே இடம்தானே. நம் வண்டலூரில் 2021இல் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து நீலா என்ற பெண்சிங்கம் இறந்தது நினைவிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. அதே பார்ட்டுலாவின் வேறு இனங்களைப் பல நாட்டுப் பூங்காக்கள் பிரித்துப் பிரித்து வளர்த்தன. பிளாஸ்டிக் டப்பா, ஈரமான காகிதம், அரைத்த தீவனம், இவ்வளவுதான் வசதி. ஓட்டில் புள்ளி அளவு பெயிண்ட் வைத்து, 2015 முதல் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். 2024இல் பார்ட்டுலா டோஹிவியானாவின் வளர்ந்த நத்தைகளைப் பெயிண்ட் இல்லாமல் காட்டில் கண்டார்கள். பெயிண்ட் இல்லையென்றால் அங்கேயே பிறந்தது. காட்டில் அற்றுப்போனது என்ற பட்டியலிலிருந்து அதை இறக்கியாயிற்று. புலிக்குக் காலர் மாட்டி ஹெலிகாப்டரில் ஏற்றுவதற்கு ஈடான வேலை இது, செலவு அதில் தூசு.

நவம்பர் 9

ஜார்ஜின் திசுவிலிருந்து குளோன் செய்யலாமே என்கிறார் ஒருவர். 2017இல் அதன் காலிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வெட்டி சான் டியாகோவில் உறையவைத்திருக்கிறார்கள். நத்தையைக் குளோன் செய்யும் வித்தை இன்னும் கைகூடவில்லை. அது கைகூடினாலும் எங்கே விடுவது? யூக்லாண்டினா அங்கேயேதான் இருக்கிறது.

நவம்பர் 9, தூக்கம் வராமல்

புலி உறுமினால் மூன்று கிலோமீட்டர் கேட்கும், நத்தை என்ன செய்யும் என்று கிண்டல் அடித்தவருக்கு: ஹவாய்க் கிழவிகளைக் கேட்டால் மர நத்தை ராத்திரியில் பாடும் என்பார்கள். பழைய பாட்டுகளே இருக்கின்றன. அது சுவர்க்கோழிச் சத்தம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் ரசனையில்லாமல் சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 12

எங்கள் அடுக்ககத்தில் ஆப்பிரிக்க நத்தைப் போர். மதில் சுவரில் வெள்ளையடித்த சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் வரி வரியாகப் பல் பதிந்த தடம், வளைந்து வளைந்து மேலே போகிறது. ஓடு கட்ட அதற்குக் கால்சியம் வேண்டும். செயலாளர் இரண்டு மூட்டை உப்பை வாங்கித் தோட்டம் முழுக்க இறைத்துவிட்டார். நத்தை பாதி செத்தது, செம்பருத்தி முழுக்கச் செத்தது. நான் கூட்டத்தில் எழுந்து சொன்னதற்கு, "மேடம் நத்தை கட்சி" என்று ஒரு சிரிப்பு. இந்த நத்தைக்கு நான் எதிர்க்கட்சி என்று எத்தனை தடவை சொல்வது? 1847இல் மொரீஷியஸிலிருந்து ஒருவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டது, இன்று சென்னைவரை மேய்கிறது.

கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியில் உப்புக் கரைசலில் போட்டு, செத்த பிறகு ஆழமாகப் புதையுங்கள். மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள். தொட்டி மண்ணைக் கிளறி முட்டையையும் எடுங்கள்.

நவம்பர் 13

குரோம்பேட்டைக்காரர் இறங்கி வந்துவிட்டார், கொஞ்சம்: "சரி டீச்சர், புலிக்கு நூறு ரூபாய் என்றால் நத்தைக்கு ஒரு ரூபாய் கொடுக்கலாம்."

எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்த ஒரு ரூபாயில் எந்த மலையில் எந்த நத்தை என்று எண்ணட்டும். புலியின் வரியைக் கேமராவில் பார்த்து ஒவ்வொன்றாக அடையாளம் வைக்கிற நாட்டில் அது முடியாத காரியமில்லை.

நவம்பர் 15

மேடவாக்கம் அம்மா முருங்கை மரத்து நத்தைப் படம் போட்டு, "இது அரிய வகையா, உப்புப் போடவா?" என்று கேட்டிருக்கிறார்.

உப்பை உள்ளே வையுங்கள். தட்டையாக, வெளிர் பழுப்பில் சுற்றி இரண்டு கோடு ஓடினால் அது கிரிப்டோசோனா, நம் ஊர் நத்தை. நன்மங்கலம் காட்டுப் பக்கம் கோடையில் மரப்பட்டையில் ஒட்டி, வாயைக் காய்ந்த சளியால் மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். அரியதில்லை, ஆனாலும் விட்டுவிடுங்கள். கூம்பாக நீண்டு கட்டைவிரலைவிடப் பெரிதாக, பழுப்பில் ஒழுங்கில்லாத தீற்றல் இருந்தால் ஆப்பிரிக்கன், வாளிக்குப் போகட்டும். உங்கள் படத்தில் முதுகுதான் தெரிகிறது, அதுவும் ஃபிளாஷ் பட்டு வெளுத்திருக்கிறது. காலையில் வெயில் வந்ததும் பக்கவாட்டில் ஒன்று, வாய்ப்புறம் ஒன்று எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து.